வாப்பா இடிக்காத பங்களா

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், சாரல் முகத்தில் படத் தொடங்கும் இடத்தில், பெண்கள் பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்று இருக்கிறது. உள்ளே போனால் புதிய கட்டடங்களுக்கெல்லாம் பின்னால், புளியமரங்களுக்கு நடுவே, ஓட்டுக்கூரை போட்ட பழைய மாடி வீடு ஒன்று நிற்கும். மரபங்களா என்பார்கள். அதைக் கட்டியது யார், எந்தெந்த ராணிமார் வந்து தங்கினார்கள் என்றெல்லாம் வாசலில் ஒரு பலகை சொல்கிறது. அதை இடிக்க வந்தவர் யார் என்று பலகையில் இல்லை. இடிக்க வந்தவர் என் வாப்பா.

வாப்பாவுக்குப் பழைய மர வியாபாரம். எங்கள் வீடு வடகரையில்; மரத்தை அடுக்கிவைக்கும் அவருடைய கிட்டங்கி செங்கோட்டை சாலையில். வாரிசு இல்லாத வீடு, வாரிசு அதிகமாகிப்போன வீடு, எதுவானாலும் இடிப்பதென்று முடிவானால் வாப்பாவைக் கூப்பிடுவார்கள். தூண், உத்தரம், கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் நோகாமல் கழற்றிக் கொண்டுவந்து, கேரளத்தில் ஓய்வு விடுதி கட்டுகிறவர்களுக்கு விற்பார். விலை போகாமல் மிஞ்சுவது எங்கள் வீட்டுக்கு வரும். அதனால் எங்கள் வீட்டில் ஒரு கதவைப் போல இன்னொரு கதவு கிடையாது. அடுக்களைக் கதவு ஏதோ ஒரு மிராசுதார் வீட்டின் தலைவாசலாக இருந்தது. நெற்றியில் யானை செதுக்கிய அந்தக் கதவைக் காலால் தள்ளித் திறந்துகொண்டுதான் உம்மா சோற்றுப்பானையைத் தூக்கி வருவாள்.

மரபங்களாவின் கதையையும் சொல்லிவிட வேண்டும். மலைக்கு அந்தப் பக்கத்து ராஜகுடும்பம் ஒன்று, சீசனில் அருவியில் குளிக்க வரும்போது தங்குவதற்காகக் கட்டியது அது. பிறகு அரசாங்கத்தின் கைக்கு வந்தது. பெண்கள் படிக்க அந்த வளாகத்தைக் கொடுத்தபோது முதல் விடுதியாக இருந்ததும் அதுதான். பின்னால் புதிய விடுதிகள் வந்தன. பங்களாவில் கொஞ்ச காலம் புத்தகங்களை வைத்திருந்தார்கள். அப்புறம் உடைந்த நாற்காலிகளை வைத்தார்கள்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஒரு சீசன் மழையில் அதன் கூரையிலிருந்து இரண்டு ஓடுகள் சரிந்து, கீழே போய்க்கொண்டிருந்த ஒரு மாணவியின் குடையைக் கிழித்துவிட்டன. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ஊரார் பிள்ளைகளை வைத்திருக்கிறவர்களுக்குப் பயம் இருக்கத்தானே செய்யும். ஒரு பொறியாளரை வரவழைத்தார்கள். அவர் வந்த நாளிலும் நல்ல மழை. கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, கூரை மரங்கள் உளுத்துவிட்டன, எந்நேரமும் விழலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கட்டடத்தைப் பூட்டினார்கள். இடித்துவிட்டு அந்த இடத்தில் புதிதாகக் கட்டுவதென்று முடிவானது. இடிக்கிற வேலை வாப்பாவுக்குக் கிடைத்தது.

அவ்வளவு பெரிய வீடு அதுவரை அவர் கைக்கு வந்ததில்லை. கூரை போனாலும் கீழ்த்தளத்துத் தூண்கள் தேறும் என்று வாசலில் நின்று பார்த்தபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆலப்புழைப் பக்கம் விடுதி கட்டுகிற ஒருவரிடம் அந்தத் தூண்களைத் தருவதாக வாக்குக் கொடுத்தார். கிட்டங்கியை ஒட்டிக் கிடந்த காலி இடத்தையும் வாடகைக்குப் பிடித்தார். பேச்சு குறைந்த மனிதர், அந்த நாட்களில் சாப்பிடும்போது ஓயாமல் பேசினார். சொந்தமாக ஒரு லாரி வாங்க வேண்டும், அதன் நெற்றியில் என் பெயரை எழுத வேண்டும் என்றார். தம்பி பெயர் எங்கே என்று உம்மா கேட்டாள். தம்பி அப்போது கைக்குழந்தை. பின்னால் எழுதலாம் என்று வாப்பா சொன்னதும் உம்மா சிரித்தாள். வாப்பா சொன்ன ஒன்றுக்காக உம்மா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்த நாட்கள் குறைவு. அதனால் அது மறக்கவில்லை.

வேலை தொடங்கியது ஒரு சனிக்கிழமை. உம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு, காய்ச்சலாகக் கிடந்த பெரியம்மாவைப் பார்க்கக் கடையநல்லூர் போயிருந்தாள். எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. வேறு வழியில்லாமல் வாப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

பூட்டைத் திறந்ததும் வௌவால் வாடை முகத்தில் அடித்தது. அதற்கும் அடியில் வேறொரு வாசனை இருந்தது. கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் தோல், கொஞ்சம் மிளகு கலந்த மாதிரி. தேக்கு என்றார் வாப்பா. இரண்டு பேர் கைகோத்தாலும் பிடிக்க முடியாத தூண்கள். மாடிப்படி ஏறினால் பள்ளிக்கூட மைதானம் மாதிரி நீண்ட ஒரு கூடம். தரை முழுவதும் பலகை. விடுதியாக இருந்த காலத்துக் கட்டில்களின் கால்தடம் வரிசை வரிசையாக அதில் பதிந்திருந்தது. பலகை ஜன்னல் ஒன்றைத் தள்ளித் திறந்தால் எதிரே மலை, அதில் வெள்ளைக் கோடாக அருவி. ராணியாக இருப்பது நல்ல வேலைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலையாட்கள் ஒரு மூலையில் ஓடுகளை இறக்கத் தொடங்கினார்கள். வாப்பா சாரத்தில் ஏறி, கையிலிருந்த சிறிய சுத்தியலால் கூரை மரங்களைத் தட்டிப் பார்த்தார். உளுத்த மரம் தட்டினால் 'பொத்'தென்று கேட்கும், நல்ல மரம் மணி மாதிரி பதில் சொல்லும் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார். அன்றைக்குத் தட்டிய இடமெல்லாம் மணிச் சத்தம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒவ்வொரு கைமரமாகத் தட்டிக்கொண்டே போனார். கத்தியால் ஓர் இடத்தில் சுரண்டினார். கறுப்புக்குள்ளிருந்து தேன் நிறத்தில் சுருள் வந்தது. அதை மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டுத் தலைமை ஆசாரியிடம் நீட்டினார்.

"மொதலாளி, இதா உளுத்த மரம்?" என்றார் ஆசாரி.

"ஓடுதான் அண்ணாச்சி போச்சு. மரம் இன்னும் நூறு வருசம் நிக்கும். அந்த எஞ்சினியரு மேல ஏறியே பாத்திருக்க மாட்டாரு" என்று சொல்லி வாப்பா சிரித்தார். தூண் மட்டும் தேறும் என்று வந்தவருக்கு ஒரு வீடே தேறிவிட்ட சிரிப்பு அது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "வெளிய எங்கயும் சொல்லிராதீங்க."

ஆசாரி தலையாட்டினார். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கும் காது உண்டு என்பது பெரியவர்களுக்குச் சில நேரம் மறந்துபோகும்.

தூசி பறக்கிறது, கீழே போய் உட்கார் என்று வாப்பா அனுப்பிவிட்டார். கீழே வராந்தாவில் ஒரு டீச்சர் நின்றிருந்தார். அங்கே வரலாறு சொல்லிக்கொடுக்கிற பேராசிரியர். எனக்கு எல்லோருமே டீச்சர்தான். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். கூட வந்திருந்த நான்கைந்து மாணவிகள், இடிப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் படம் எடுக்கவில்லை. ஒரு தூணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல நின்றார்.

என்னைப் பார்த்ததும் பக்கத்தில் உட்காரவைத்து, பையிலிருந்து கடலைமிட்டாய் எடுத்துக் கொடுத்தார். அவராகவே பேச ஆரம்பித்தார். அவர் கீழப்பாவூர்க்காரர். வீட்டில் முதல்முதலாகப் படிக்க வந்த பெண். அவருடைய அப்பா அறுப்பை விட்டுவிட்டு, வயலுக்கு உடுத்துகிற வேட்டியோடேயே வந்து அவரை இங்கே விட்டாராம். போகும்போது, டீச்சர் கையை வைத்திருந்த அதே தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நம்மூரு கோயில் தூணவிடப் பெருசா இருக்கு. ஒண்ணும் பயப்படாத" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

"மூணு வருசம் மாடியிலதான் படுத்துக் கெடந்தோம், இருவது பிள்ளைய. ஒரு நாளும் பயமா இருந்ததில்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஒனக்கு உள்ள போக பயமா இல்லையாம்மா? கூர விழுந்துரும்னு சொல்லுதாங்களே" என்றார்.

வாப்பாவைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எனக்கு இதைவிட நல்ல இடம் கிடைத்ததில்லை.

"விழாது டீச்சர். மரம் இன்னும் நூறு வருசம் நிக்கும். எங்க வாப்பா தட்டிப் பாத்துட்டாவ. அவ்வளவும் மணி மாதிரி கேக்கு."

டீச்சர் மிட்டாய்ப் பையை மூடப்போன கையை அப்படியே நிறுத்தினார். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். இன்னும் சத்தமாகச் சொன்னேன். அவர் எழுந்து, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கி, அலுவலகத்தை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார். அந்த வயதில் ஒரு டீச்சர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பாக வந்தது.

அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். கூடவே பதிவாளர் அம்மாவும் வந்தார். புதிய கட்டட வேலையாக அன்று அலுவலகத்துக்கு வந்திருந்த அதே பொறியாளரும் குடையோடு வந்தார். வாப்பாவைக் கீழே கூப்பிட்டார்கள். வேலையாட்கள் சாரத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்கள்.

"பாய், மரம் நல்லா இருக்குன்னு நீங்க சொன்னதா இவங்க சொல்றாங்க. நெஜமா?" என்றார் பதிவாளர்.

வாப்பா பதில் சொல்வதற்குள் பொறியாளர் முந்திக்கொண்டார். "யாரு சொன்னது மேடம்? இந்தச் சின்னப்பிள்ள. பிள்ளைய வெளையாட்டுக்கு எதையாவது சொல்லும். என்ன பாய்?"

அவர் கெட்டவர் இல்லை. தனக்கும் வாப்பாவுக்கும் சேர்த்து ஒரு வாசலைத் திறந்துவிட்டார், அவ்வளவுதான். ஆமாம் என்று தலையை அசைத்திருந்தால் போதும். வாப்பா அதற்குள் நுழைந்து, தூண்களையும் உத்தரங்களையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்திருக்கலாம்.

வாப்பா என்னைப் பார்த்தார். ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்ன தப்பு என்று தெரியவில்லை. டீச்சரின் சேலைக்குப் பின்னால் பாதி ஒளிந்துகொண்டேன். வாப்பா வந்து என் முன்னால் குந்தினார். மீசையிலெல்லாம் மரத்தூள்.

"என்ன சொன்ன மக்கா?"

நான் டீச்சரின் சேலையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"பயப்படாத. என்ன சொன்னியோ அத சொல்லு."

சொன்னேன். மரம் நூறு வருசம் நிற்கும் என்றதைச் சொன்னேன். ஓடு மட்டும்தான் போச்சு என்றதைச் சொன்னேன். எதையும் விட்டுவிடக் கூடாது என்பதற்காக, "எஞ்சினியரு மேல ஏறியே பாத்திருக்க மாட்டாருன்னும் சொன்னாவ" என்று முடித்தேன். சாரத்தின் மேலிருந்து யாரோ இருமினார்கள். பொறியாளர் மடக்கிய குடையை விரித்து மறுபடியும் மடக்கினார்.

வாப்பா எழுந்தார்.

"எம்பிள்ள ஒரு வார்த்த மாத்திச் சொல்லல சார்" என்றார்.

"பெறவு ஏன் பாய் எங்ககிட்டச் சொல்லல?" என்று கேட்டார் பதிவாளர். அவர் குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் இருந்தது.

"நீங்க இடிக்கத்தான கூப்ட்டிய மேடம். கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "சொல்லியிருப்பேனான்னும் தெரியல. இப்ப கேட்டுட்டிய" என்றார்.

சுத்தியலைப் பதிவாளரிடமே நீட்டினார். அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு மாடிக்கு ஏறினார்; நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போனோம். வாப்பா காட்டிய இடங்களில், தாழ்வாக இறங்கிய மரங்களில், அவரே தட்டினார். முதலில் பயந்து பயந்து, பிறகு நன்றாகவே. கடைசியில் பொறியாளரும் சுத்தியலை வாங்கிக்கொண்டு சாரத்தில் ஏறினார். வெகுநேரம் மேலேயே இருந்தார். இறங்கி வந்தபோது அவருடைய வெள்ளைச் சட்டை முழுக்க ஒட்டடை. "ஓட்ட மாத்தி, ரெண்டு மூணு எடத்துல கம்பி முட்டுக் குடுத்தா போதும் மேடம்" என்றார். அதைச் சொல்லவும் ஒரு மனசு வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. டீச்சர் ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியது. மாணவிகள் கைதட்டினார்கள். எனக்காகத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து நானும் தட்டினேன்.

காலையில் இறக்கிய ஓடுகளை வாப்பா அன்றே திரும்ப ஏற்றச் சொன்னார். உடைந்தவற்றுக்குப் பதில் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். "மழத்தண்ணி உள்ள எறங்கக் கூடாது" என்று ஆசாரியிடம் மூன்று தடவை சொன்னார், அது தன் வீடு மாதிரி.

திரும்பும்போது குற்றாலத்தில் வண்டியை நிறுத்தி எனக்கு மங்குஸ்தான் வாங்கிக் கொடுத்தார். உடைத்து உள்ளே இருந்த வெள்ளைச் சுளைகளை ஒவ்வொன்றாக என் கையில் வைத்தார்.

"கோவமா வாப்பா?"

"எதுக்கு?"

அடுத்த சுளைக்குக் கையை நீட்டினேன். தின்று முடித்தேன்.

உம்மா ஊரிலிருந்து வந்ததும் விஷயம் தெரிந்தது. நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து அடுக்களையில் பேசிக்கொண்டார்கள்.

"பிள்ள ஒளறுதுன்னு ஒரு வார்த்த சொன்னா ஒங்க வாயி வெந்தா போவும்?"

"அவ முன்னால எப்படிச் சொல்ல?"

"எட்டு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? நாளைக்கே மறந்துரும்."

"மறக்காது."

உம்மா பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்க்கும் சத்தம் அதன்பிறகு வெகுநேரம் கேட்டது. அதைக் கேட்டபடியே உண்மையாகவே தூங்கிவிட்டேன்.

அப்புறம் நடந்தவை எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். அந்தத் துண்டுகளை ஒட்டவைக்கும் வயது வர வெகுகாலம் ஆனது. ஆலப்புழைக்காரர் வேறு ஆளைத் தேடிக்கொண்டார். அதையாவது தாங்கியிருக்கலாம். ஆனால் தென்காசி சுற்றுவட்டாரத்தில் கதை வேறு மாதிரிப் பரவியது. வீடு ஆபத்தாக இருக்கிறது, இடித்தால்தான் ஆயிற்று என்று பங்காளிகளிடமும் வாடகைக்கு இருப்பவர்களிடமும் சொல்லிவைத்திருந்தவர்கள் வாப்பாவைக் கூப்பிடப் பயந்தார்கள். "அந்த பாய் வந்தா மரம் நல்லா இருக்குன்னு சொல்லிருவாரு" என்று சுரண்டையில் ஒருவர் சொன்னாராம். இடிக்கிறவரைப் பற்றி அப்படியொரு பேர் வந்தால் அவர் எதை இடிப்பது? முதலில் புதிதாகப் பிடித்த இடத்தைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த சீசன் வருவதற்குள் கிட்டங்கியையும் கொடுத்தார். ஆசாரி செங்கோட்டையில் வேறொரு பட்டறைக்குப் போனார்.

நானோ பள்ளிக்கூடத்தில் ராணி மாதிரி நடந்தேன். மரபங்களாவைக் காப்பாற்றியவள் நான்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். கைதட்டிய மாணவிகளின் எண்ணிக்கை ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கூடியது. வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வேன். வாப்பா இருந்தால் தலையைக் குனிந்துகொண்டு கேட்பார். ஒரு தடவைகூடத் தடுத்ததில்லை. பிற்பாடு அங்கேயே சேர்ந்து மூன்று வருஷம் படித்தேன். நூலகமாகிவிட்ட அந்த மாடிக் கூடத்தில், அருவி தெரிகிற ஜன்னல் பக்கம்தான் எப்போதும் உட்காருவேன். ஆண்டுவிழாவில் இந்தக் கதையை மேடையில் சொல்லிப் பரிசும் வாங்கியிருக்கிறேன். வாப்பா அப்போது இங்கே இல்லை.

அவர் கத்தாருக்குப் போனது, பங்களா வேலை நின்று ஒரு வருஷம் ஆவதற்குள். கட்டட வேலைக்குப் பலகை அடிக்கிற தச்சராகப் போனார். அங்கே எல்லாம் கான்கிரீட்தான், பலகை அதை ஊற்றி இறுகும்வரைக்கும்தான், பிறகு பிடுங்கிப் போட்டுவிடுவார்கள் என்று பின்னாளில் ஒரு முறை சொன்னார்.

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு அவரை ஏற்றிவிடப் போனோம். எனக்குப் புதுச் சட்டை. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பெட்டி தள்ளுகிற வண்டியில் ஏறி நின்று, காவலுக்கு நின்றவரிடமும் பக்கத்தில் நின்ற குடும்பத்தாரிடமும் எங்கள் வாப்பா விமானத்தில் போகிறார் என்று சொன்னேன். எல்லோருமே விமானத்தில் போகிறவர்கள்தான். வாப்பா என்னை வண்டியிலிருந்து இறக்கி, தூக்கி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு கண்ணாடிக் கதவுக்குள் போய்விட்டார். அந்தக் கதவு தானாகத் திறந்து தானாக மூடிக்கொண்டது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். வாப்பா திரும்பிப் பார்த்தாரா என்று கவனிக்கவில்லை.

திரும்பி வந்தது வாடகைக் காரில். புனலூர் தாண்டி மலைப்பாதையில் ஏறும்போது, தம்பி உம்மாவின் மடியில் தூங்கிவிட்டான். எனக்குத் தூக்கம் வரவில்லை.

"உம்மா, வாப்பா எதுக்குப் போறாவ?"

உம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாய் எதையோ சொல்லத் திறந்தது. எதிரே வந்த லாரியின் வெளிச்சத்தில் அவள் முகம் ஒரு கணம் தெரிந்து மறைந்தது.

"ஒனக்கு சைக்கிள் வாங்கத்தான்" என்றாள்.

நான் சந்தோஷமாக அவள் தோளில் சாய்ந்துகொண்டேன்.

"செவப்புக் கலர்ல வாங்கச் சொல்லுங்க உம்மா" என்றேன்.